ஊர் ஆசாரியின் குடும்பத்தை ஆவணங்களில் தேடுவது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கான செய்முறை

கோயில் தேரையோ பழைய வீட்டு நிலைக்கதவையோ காட்டி, “இது நம்ம ஊர் ஆசாரி செஞ்சது” என்று பெரியவர்கள் சொல்வார்கள். பெயரும் சொல்வார்கள். அவருக்கு எத்தனை பிள்ளைகள், பெண்ணை எந்த ஊரில் கட்டிக்கொடுத்தார், பட்டறை யார் கைக்குப் போனது என்று கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

இதையெல்லாம் தேடி எடுக்க முடியும். ஆனால் உழைப்பாளி தன்னைப் பற்றித் தானே எழுதி வைப்பது அபூர்வம். பாகம் பிரித்தபோது, கடன் வாங்கியபோது, பக்கத்துக் காட்டுக்காரர் நிலத்தை விற்றபோது பிறர் எழுதிய காகிதத்தில்தான் அவர் அகப்படுவார். அதனால் அவர் பெயரை மட்டும் தேடாமல், அவரைச் சுற்றியிருந்தவர்களையும் சேர்த்துத் தேட வேண்டும்.

1. வீட்டிலிருந்து தொடங்குங்கள்

அரசு அலுவலகத்துக்கு ஓடும் முன் பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டியைத் திறங்கள். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, வாரிசுச் சான்று, பழைய பத்திரம் எல்லாமே உதவும். பத்திரிகையில் மணமக்கள் பெயரைவிடத் தாய்மாமன், பங்காளி, சம்பந்தி பெயர்கள்தான் நமக்கு முக்கியம்.

அப்புறம் வீட்டிலேயே மூத்த பெண்மணியிடம் உட்காருங்கள். ஆண்கள் நிலத்தைப் பற்றிச் சொல்வார்கள். பெண் எடுத்த ஊர், கொடுத்த ஊர், யார் யாருக்குச் சித்தி என்பதெல்லாம் பாட்டிகளிடம்தான் இருக்கும். குலதெய்வம் எந்த ஊரில் என்றும் கேளுங்கள். குடும்பம் முன்பு எங்கிருந்து வந்தது என்பதற்குப் பல நேரம் அதுதான் முதல் துப்பு. விஸ்வகர்மா குடும்பங்களில் சனக, சனாதன, அபுவன, பிரத்ன, சுபர்ண என்று ஐந்து கோத்திரங்கள் உண்டு. ஒரே கோத்திரத்தில் பெண் எடுப்பதில்லை என்பதால், நீங்கள் வரையும் வம்ச வரைபடத்தில் கணவனுக்கும் மனைவிக்கும் பிறந்த வீட்டுக் கோத்திரம் ஒன்றாகவே வந்தால் எங்கோ இரண்டு ஆட்களை ஒருவராகக் குழப்பிவிட்டீர்கள் என்று பொருள்.

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். நூறு வருடத்தில் அதே பெயர் மூன்று முறைகூட வரும். எனவே ஒவ்வொரு பெயரையும் தகப்பனார் பெயரோடும், உத்தேசமான பிறந்த ஆண்டோடும் சேர்த்தே எழுதுங்கள்.

2. வருடத்தைச் சரியாகப் படியுங்கள்

பழைய வருவாய்க் கணக்கில் பசலி ஆண்டு இருக்கும். அதோடு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். பசலி ஜூலையில் தொடங்குகிறது. பசலி 1300 என்றால் 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை. தமிழ் வருடப் பெயரில்தான் ஏமாந்துபோவோம், அது அறுபது வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். “சார்வரி வருடம் தை மாதம்” என்பது 1901ஆம் ஆண்டாகவும் இருக்கலாம், 1961ஆகவும் இருக்கலாம். உடன் இருக்கும் ஆட்களின் வயதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

3. பிறப்பு, இறப்பு, பள்ளி, வாக்காளர் பட்டியல்

கிராமத்துப் பிறப்பு இறப்புப் பதிவுக்கு முதலில் கிராம நிர்வாக அலுவலரைக் கேளுங்கள். பழைய பதிவேடுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் விசாரியுங்கள். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் தகப்பனார் பெயர் நம்பகமானது, பிறந்த தேதி அப்படியல்ல. வாத்தியார் போட்ட தேதியில் பாதி ஊரே மே, ஜூனில் பிறந்திருக்கும். வாக்காளர் பட்டியல் வீட்டு வாரியாக இருப்பதால், ஒரே கூரையின் கீழ் யார் யார் இருந்தார்கள் என்பது தெரியும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பலர் கேட்கிறார்கள். நம் நாட்டில் பழைய கணக்கெடுப்பின் ஆள்வாரிப் படிவங்கள் பாதுகாக்கப்படவில்லை, மொத்தக் கணக்குதான் அச்சில் இருக்கிறது. அதில் நேரத்தைச் செலவிடாதீர்கள்.

4. பத்திரப் பதிவு: இங்கேதான் குடும்பம் கிடைக்கும்

என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும் விட இதற்குத்தான் அதிக நாள் ஒதுக்கச் சொல்வேன். 1975க்குப் பிறகான வில்லங்கத்தை (ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியலை) பெரும்பாலும் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துக் கட்டணம் கட்ட வேண்டும். அங்கே முதல் அட்டவணை ஆட்களின் பெயர் வாரியாகவும், இரண்டாவது சொத்து வாரியாகவும் இருக்கும். சர்வே எண் தெரியாவிட்டால் பெயர் அட்டவணையில் தேடச் சொல்லுங்கள். சொத்துப் பத்திரங்கள் பதியப்படும் முதல் புத்தகத்தை, கட்டணம் செலுத்தி யாரும் பார்க்கலாம். உயில் அப்படியல்ல, எழுதியவர் இறந்த பிறகுதான் மற்றவர்கள் நகல் கேட்க முடியும்.

நகல் கைக்கு வந்ததும் பொறுமையாகப் படியுங்கள். முதல் வரியில் ஊர், தகப்பனார் பெயர், பல சமயம் ஜாதியும் ஜீவனமும் இருக்கும். “மைனர் குமாரர்களுக்குத் தாயும் கார்டியனுமாகிய” என்று ஒரு பெண்ணின் பெயர் வந்தால், அந்தத் தேதிக்கு முன்பே தகப்பனார் காலமாகிவிட்டார் என்று பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம். இறப்புப் பதிவு கிடைக்காத ஆளுக்கு இந்த ஒரு வரியே ஒரு வரம்பைத் தந்துவிடும், மனைவியின் பெயரும் கிடைத்துவிடும்.

பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. ‘அ’ தபசில் (சொத்து விவரப் பட்டியல்) மூத்தவருக்கு, ‘ஆ’ தபசில் அடுத்தவருக்கு என்று அண்ணன் தம்பிகள் வரிசையாக வருவார்கள். வீடு, கிணற்றில் பாத்தியம் ஆகியவற்றோடு சில பத்திரங்களில் துருத்தி, பட்டடை, சம்மட்டிகூடப் பங்கில் ஏறியிருக்கும். அவை யார் பங்குக்குப் போயின என்று பாருங்கள். தொழிலைத் தொடர்ந்தவர் அவராக இருக்க வாய்ப்பு அதிகம். பெண் பிள்ளைகள் பெயர் இல்லையே என்று அவர்களை விட்டுவிடாதீர்கள். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தரும் சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் 1989இல்தான் வந்தது, அதற்கு முந்தைய பாகப் பத்திரத்தில் அவர்கள் இல்லாதது சாதாரணம். மருமகன் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என்று கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். சாட்சிகளும், பதிவின்போது அடையாளம் காட்டியவர்களும் பங்காளியாகவோ மைத்துனராகவோ இருப்பது சகஜம். நான்கெல்லையையும் குறித்துக்கொள்ளுங்கள். “இன்னார் வீட்டுக்கு மேற்கு” என்று பக்கத்து வீட்டுப் பத்திரத்திலேயே நம் ஆசாரி இருப்பார்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் பழைய பத்திரம் தெலுங்கிலோ கன்னடத்திலோ இருக்கலாம். படிக்கத் தெரிந்தவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

தேடும்போது இரண்டாம் தாரம், கடன், கோர்ட்டு வழக்கு எல்லாம் வெளியே வரும். உயிரோடு இருப்பவர்கள் சம்பந்தப்பட்டதை உங்கள் நோட்டோடு வைத்துக்கொள்ளுங்கள், குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போடாதீர்கள்.

5. மானிய நிலம் இருந்ததா?

ஊருக்கு ஏரும் வண்டியும் செய்து கொடுத்த தச்சருக்கும் கொல்லருக்கும் சில ஊர்களில் மானிய நிலம் இருந்தது. 1858இல் அமைந்த இனாம் (மானியம்) கமிஷன் இப்படிப்பட்ட நிலங்களை விசாரித்துப் பதிவேடு எழுதியது. அனுபவிப்பவரின் பெயர், வயது, முதலில் மானியம் பெற்றவருக்கு அவர் என்ன உறவு என்பது வரை அதில் கேட்டிருக்கிறார்கள். அகப்பட்டால் ஒரே தாவலில் இரண்டு மூன்று தலைமுறை பின்னால் போய்விடலாம். கிராமத்தின் நிலக் கணக்கான ‘அ’ பதிவேட்டில் இனாம் என்ற குறிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அந்தக் கிராமத்தின் இனாம் பதிவேட்டைக் கேளுங்கள்.

கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் பங்குக் கோயிலின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளைப் பாருங்கள். ஞானப் பெற்றோர் பெயரையும் விடாமல் எழுதுங்கள்.

6. சேலம் என்று கேளுங்கள்

கிருஷ்ணகிரி மாவட்டம் 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. தருமபுரி 1965இல் சேலத்திலிருந்து பிரிந்தது. ஆகவே அதற்கு முந்தைய காகிதம் எதைக் கேட்டாலும் சேலம் ஜில்லா, இன்ன தாலுகா என்றுதான் கேட்க வேண்டும். தாலுகா எல்லைகளும் மாறியிருக்கின்றன, கிராமம் அன்று எந்தத் தாலுகாவில் இருந்தது என்பதை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து, தருமபுரி, கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்ததும் அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் இப்பகுதியை அளந்து கணக்கெடுத்தார்கள். அந்தப் பாராமகால் ஆவணங்கள் பின்னர் பல பகுதிகளாக அச்சாகின. உங்கள் தாத்தா பெயர் அதில் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அன்றைய குடிகள், தொழில்கள், வரிகள் பற்றித் தெரிந்துகொள்ள அவை உதவும்.

சில குடும்பங்களின் தடம் 1876–78க்குப் பிறகு உள்ளூரில் அறுந்துபோகும். தாது வருடப் பஞ்சத்தில் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. அப்போது ஊரில் பெயரைத் தேடிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. கோலார் தங்கவயல், பெங்களூர் பக்கம் போன உறவுக்காரர் யாராவது உண்டா, அங்கிருந்து இன்றும் யாராவது குலதெய்வக் கும்பிடுக்கு வருகிறார்களா என்று பூசாரியைக் கேளுங்கள். வருகிறவர்களின் ஊரையும் தகப்பனார் பெயரையும் வாங்கிக்கொண்டு, அங்கிருந்து முதல் படியை மறுபடி தொடங்கலாம்.