காயின் மெஷினில் கொட்டும் முன்: ரோல் வேட்டையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் காயின் ரோல் ஹன்டிங் (பேங்கில் காசு ரோல்களை வாங்கிப் பிரித்து, வெள்ளிக் காசும் அபூர்வக் காசும் தேடுவது) பற்றிப் பேசுகிற எல்லோரும் வெள்ளி கிடைத்த கதையைத்தான் சொல்வார்கள். பேங்கில் பாக்ஸ் வாங்கினேன், ரோல் ரோலாகப் பிரித்தேன், 1964 டைம் (பத்து சென்ட் காசு) ஒன்று, குவார்ட்டர் (கால் டாலர்) ஒன்று மாட்டியது என்று. தேடி முடித்த மிச்சக் காசு என்ன ஆயிற்று என்று யாரும் சொல்வதில்லை. அந்த மூட்டையைக் காருக்குத் தூக்கிப் போய், ஏதாவது ஒரு பேங்க் லாபியில் இருக்கும் எண்ணும் மெஷினில் கொட்டித்தான் பணமாக்க வேண்டும். கையைச் சுடுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

எங்கள் ஊர்ப்பக்கத்தில் நம் ஆட்கள் சிலர் புதிதாக இதில் இறங்கியிருக்கிறார்கள். ஆரம்பத்தில் நான் அடித்த கூத்தையே ஒன்று விடாமல் அடிக்கிறார்கள். அதனால்தான் இது. காகித உறையோடு போடாதே, ரப்பர் பேண்டை எடுத்துவிடு என்பதெல்லாம் இங்கே கிடையாது. அது மெஷின் மேலேயே ஒட்டியிருக்கும்.

எவ்வளவு என்று தெரியாமல் கொட்டுவது

மற்றத் தவறுகள் நேரத்தைத் தின்னும். இது பணத்தைத் தின்னும்.

மெஷின் என்றால் சரியாகத்தான் எண்ணும் என்று நம்மில் பலருக்கு ஒரு பக்தி. டிடி பேங்க் கிளைகளில் 'பென்னி ஆர்கேட்' என்று ஒரு மெஷின் இருந்தது. 2016-ல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காரர்கள் எண்ணி வைத்த காசைக் கொண்டுபோய் அதில் போட்டுப் பார்த்தார்கள். சில இடங்களில் குறைவாகக் காட்டியது. அந்த ஆண்டே அத்தனை மெஷினையும் பேங்க் எடுத்துவிட்டது. மற்ற மெஷின்கள் எல்லாம் மோசம் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் ஒழுங்காகத்தான் எண்ணுகின்றன. ஆனால் உள்ளே ஓடுவது காசு. மளமளவென்று கொட்டினால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் போகும். பிசுக்குப் பிடித்த காசு ஒட்டிக்கொள்ளும். வழியில் எங்காவது ஒன்று சிக்கி நிற்கும். தூசி படிந்த சென்சார் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

நண்பர் ஒருவர் குவார்ட்டர் பாக்ஸ் இரண்டு வாங்கினார். ஒன்றில் 500 டாலர், ஆக 1000. தேடும்போது வெஸ்ட் பாயின்ட் நாணயச் சாலையில் அடித்த, 'டபிள்யூ' எழுத்துள்ள 2019, 2020 குவார்ட்டர்கள் சிலதை எடுத்து வைத்தார். மகளுக்கு, மாநிலத்துக்கு ஒன்றாக வந்த ஸ்டேட் குவார்ட்டர் கொஞ்சம். பார்க்கிங் மீட்டருக்கு ஒரு பிடி. மிச்சத்தை மெஷினில் கொட்டினார். ரசீதில் 983 சொச்சம் வந்தது. நேரே கவுன்ட்டரில் இருக்கும் டெல்லரிடம் போய்க் குறைகிறது என்றார். எவ்வளவு போட்டீர்கள் என்று அந்தப் பெண் கேட்டார். "ஏறக்குறைய ஆயிரம்" என்றார் நம்மவர். அத்தோடு பேச்சு முடிந்தது. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் தோளைக் குலுக்கியிருப்பேன்.

காசு குறைந்ததைவிட எனக்கு எரிச்சல் மூட்டுவது அந்த 'ஏறக்குறைய'. ஒவ்வொரு காசின் விளிம்பையும் லென்ஸ் வைத்துப் பார்க்கிறார்கள். ஸ்ப்ரெட்ஷீட்டில் எந்த வருஷம் எத்தனை கிடைத்தது என்று பதிகிறார்கள். கொட்டப்போகிற தொகை மட்டும் தெரியாது. மெஷின் சொன்னதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, ஏதோ இடிக்கிறதே என்று யோசிக்கிறார்கள். அன்று குறைந்தது மெஷினிலா, பார்க்கிங் மீட்டரிலா என்று இன்றுவரை அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இதற்கு மருந்து எளிது. எடுக்கிற ஒவ்வொரு காசுக்கும் பதிலாகச் சாதாரணக் காசு ஒன்றை மூட்டையில் போட்டுவிடுங்கள். மூன்று வெள்ளி ஹாஃப் (அரை டாலர்) எடுத்தால் மூன்று கிளாட் ஹாஃப், அதாவது செப்புமேல் வேறு உலோகம் போர்த்திய, வெள்ளி இல்லாத ஹாஃப், உள்ளே போக வேண்டும். பாக்ஸ் 500 ஆக வந்தது, 500 ஆகவே திரும்பப் போகும். ஆனால் பாக்ஸே சரியாக வந்ததா என்று ரோலைப் பிரிக்கும்போதே எண்ணிவிட வேண்டும். குவார்ட்டர் ரோலில் 40, டைமில் 50, ஹாஃபில் 20. மெஷின் சுற்றிய ரோலில் ஒன்று குறைவதும் உண்டு, கூடுவதும் உண்டு.

அப்புறம் தராசு. இதைச் சொன்னால் நிறையப் பேர் முதலில் நம்புவதில்லை. கிளாட் டைம் 2.268 கிராம், குவார்ட்டர் 5.67, ஹாஃப் 11.34. கணக்குப் போட்டுப் பாருங்கள்: மூன்றில் எதை எடுத்தாலும் ஒரு டாலருக்கு 22.68 கிராம் வரும். மதிப்புக்கு ஏற்ற எடை என்பது வெள்ளிக் காசு காலத்து வழக்கம். அப்போது டாலருக்கு 25 கிராம். உலோகம் மாறியது, விகிதம் மாறவில்லை. ஆகவே டைமும் குவார்ட்டரும் ஹாஃபும் கலந்து கிடந்தாலும் பிரிக்கத் தேவையில்லை. 100 டாலர் என்றால் 2.268 கிலோ. ஊருக்குப் போகும்போது சூட்கேஸை நிறுக்கும் தராசே போதும், கிச்சன் தராசு இருந்தால் இன்னும் நல்லது. நிக்கல் (ஐந்து சென்ட்) தனி, ஒன்று 5 கிராம். பென்னியை (ஒரு சென்ட்) இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பழைய செப்புப் பென்னி 3.11 கிராம், 1982-ல் வந்த துத்தநாகப் பென்னி 2.5. கலந்து கிடந்தால் எடை ஒன்றும் சொல்லாது, எண்ணத்தான் வேண்டும்.

தேய்ந்த காசு கொஞ்சம் எடை குறைவாக இருக்கும். அதனால் தராசுக் கணக்கு உண்மைத் தொகையைவிடச் சற்றுக் கீழேதான் நிற்கும். அது நமக்கு நல்லதுதான். மெஷின் அதற்கும் கீழே காட்டினால் ஏதோ கோளாறு என்று துணிந்து சொல்லலாம்.

நூறு நூறு டாலராகக் கட்டிக்கொண்டு போங்கள். ஒரு கட்டைக் கொட்டியதும் திரையைப் பாருங்கள். 100 என்று நின்றால் அடுத்தது. 96 என்று நின்றால் நிறுத்துங்கள். அங்கேயே நின்றபடி ஆளைக் கூப்பிடுங்கள். மூடியைத் திறந்து பார்த்தால் பல நேரம் சிக்கிய காசு அங்கேயே கிடக்கும். ரசீதைக் கொடுத்துப் பணத்தை வாங்கிவிட்டால் கதை முடிந்தது. உங்கள் காசு ஊர்க்காசோடு கலந்து பைக்குள் கிடக்கும், எது யாருடையது என்று எப்படிக் காட்டுவீர்கள்?

ஹாஃப் டாலரைக் கேட்காமல் கொட்டுவது

பென்னி, நிக்கல், டைம், குவார்ட்டர் நான்குக்கு மட்டும் அமைத்த மெஷின்கள் நிறைய உண்டு. ஹாஃபைப் போட்டால் துப்பும், இல்லையென்றால் அடைத்துக்கொள்ளும். ஆயிரம் ஹாஃபோடு போய் நிற்கும் முன் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். 2002 முதல் 2020 வரை ஹாஃப் டாலர் புழக்கத்துக்கென்று அடிக்கப்படவே இல்லை. சில டெல்லர்கள் அதைக் கையில் எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐசன்ஹோவர் டாலர் என்ற பெரிய ஒரு டாலர் காசை மெஷின் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

இதில் இன்னொரு பறிகொடுப்பும் இருக்கிறது. 1964 வரைதான் வெள்ளி என்று எங்கோ படித்துவிட்டு, 1965 முதல் 1970 வரையிலான கென்னடி ஹாஃப்களைத் தூக்கி மூட்டையில் போடுகிறார்கள். டைமுக்கும் குவார்ட்டருக்கும்தான் 1964 எல்லை. இந்த ஹாஃப்களில் 40 சதவீதம் வெள்ளி. ரோலை வரிசையாக நிறுத்தி விளிம்பைப் பார்த்தால் கிளாட்டில் செப்புக்கோடு பளிச்சென்று தெரியும், இதில் மங்கிய சாம்பல் நிறம். கொட்டுவதற்கு முன் விளிம்பை இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள்.

வாங்கிய கிளையிலேயே கொட்டுவது

வேண்டாம். நீங்கள் அலசிய காசே ரோலாகி உங்களிடம் திரும்பி வரும்.

ரிஜெக்ட் தட்டைப் பார்க்காமல் கிளம்புவது

மெஷின் காசை அடையாளம் காண்பது அளவையும் உலோகத்தையும் வைத்து. கிளாட் காசுக்குப் பழகிய மெஷின் வெள்ளி டைமை வேற்று ஆளாக நினைத்து வெளியே தள்ளிவிடலாம். நீங்கள் கவனிக்காமல் விட்டது மட்டுமல்ல, உங்களுக்கு முன் கொட்டியவர் விட்டுப்போனதும் அந்தத் தட்டில் கிடக்கும். கனடா காசுதான் அதிகம். அதையும் அலட்சியமாகத் தள்ளாதீர்கள், 1966 வரையிலான கனடா டைமில் 80 சதவீதமாவது வெள்ளி. 1943 பென்னி எஃகு, செப்புப் பென்னிபோல் அது ஓடாது. சில மெஷின்களில் காந்தம் பிடித்துக்கொள்ளும்.

முன்னால் நிற்பவர் இன்னும் கிளம்பாதபோது தட்டுக்குள் கை விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர் நகரட்டும். பேங்க் லாபி என்றால் டெல்லரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்.

காயின்ஸ்டார்

சூப்பர் மார்க்கெட்டுகளில் நிற்கும் காசு எண்ணும் மெஷின் இது. நூற்றுக்குப் பத்துக்கு மேல் கழித்துக்கொண்டுதான் ரொக்கம் தரும். தட்டைப் பார்க்க மட்டும் போங்கள்.

சனிக்கிழமை காலையில் மூட்டையோடு போவது

இது ஒருவகையில் மரியாதைப் பிரச்சினை. மெஷினுக்குள் இருக்கும் பை நிறைந்தால் அது நின்றுவிடும். பை மாற்ற ஒரு ஊழியர் வேலையை விட்டு வர வேண்டும். பின்னால் உண்டியலோடு ஒரு குழந்தை நின்றுகொண்டிருக்கும். இப்படி இரண்டு சனிக்கிழமை போனால், மூன்றாவது வாரம் "வாடிக்கையாளர்களுக்கு மட்டும், இவ்வளவுக்கு மேல் கூடாது" என்று ஒரு தாள் மெஷினில் ஒட்டப்பட்டிருக்கும். அந்தத் தாள் உங்களுக்கு மட்டுமல்ல, எங்களுக்கும் சேர்த்துத்தான். வார நாளில், மதியத்துக்கு மேல் போங்கள். அந்தப் பேங்கில் கணக்கும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

செப்புப் பென்னியை உருக்கலாம் என்று ஒதுக்குவது

2006 முதல் தடை. நிக்கலுக்கும் அதே.

பத்தாயிரத்துக்குப் பயந்து பிரித்துப் போடுவது

ஒரே நாளில் 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் போட்டால் பேங்க் அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பும். காசும் ரொக்கம்தான். ஹாஃப் டாலரில் இருபது பாக்ஸ் தேங்கிவிட்டால் அந்தக் கோட்டைத் தொட்டாயிற்று. அந்த அறிக்கையால் உங்களுக்கு ஒரு கேடும் வராது. அதைத் தவிர்ப்பதற்கென்றே இன்று கொஞ்சம், நாளை கொஞ்சம் என்று பிரித்துப் போடுவதுதான் குற்றம், பணம் நேர்மையாக வந்ததாக இருந்தாலும். மெஷின் தாங்காது, முதுகு தாங்காது என்று பிரித்தால் அது வேறு. பேங்கில் எடுத்த பாக்ஸ்களின் ரசீதுகளை ஒரு கவரில் போட்டு வையுங்கள். யாராவது கேட்டால் அந்தக் கவரையும் அடையாள அட்டையையும் காட்டிவிட்டு, மிச்ச மூட்டையைக் கொட்டுங்கள்.