தேவனிடம் கையெழுத்து வாங்கப் போகாதீர்கள்

போன மாதம் வாலிபர் கூட்டம் முடிந்து பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். ஒரு தம்பி பக்கத்தில் வந்து நின்றான். "அண்ணே, வேலையை விடலாமான்னு ஜெபிச்சிட்டிருக்கேன், நீங்களும் ஜெபிச்சுக்கோங்க." ராஜினாமா கொடுத்து எத்தனை நாளாச்சு என்று கேட்டேன். "ஒரு வாரம்ணே" என்றான், பாயைப் பார்த்துக்கொண்டே. திட்ட வாய் வரவில்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் நானும் இதே ரகம்தான்.

ஜெபிக்காமலே முடிவெடுப்பது தப்பு என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அதை விடுங்கள். ஜெபிக்கிறவர்கள், வசனம் தெரிந்தவர்கள் சறுக்குகிற இடங்களைத்தான் சொல்ல வந்தேன்.

முடிவெடுத்துவிட்டுக் கேட்பது

எரேமியா 42-ஐ எடுத்துப் பாருங்கள். எருசலேம் விழுந்தாயிற்று, பாபிலோன் ராஜா அதிகாரியாக வைத்துப்போன கெதலியாவும் கொலையாகிவிட்டான். மிஞ்சிய ஜனங்கள் எரேமியா தீர்க்கதரிசியிடம் வந்து, எங்களுக்காகக் கர்த்தரிடம் கேளும், நல்லதோ கெட்டதோ அவர் சொல்கிறபடி செய்வோம் என்கிறார்கள். வாசித்தால் மனம் உருகும். ஆனால் 41-ஆம் அதிகாரத்தின் கடைசியில் அவர்கள் எங்கே இருக்கிறார்கள் தெரியுமா? எகிப்துக்குப் போகிற வழியில், பெத்லகேம் பக்கத்தில், மூட்டை முடிச்சோடு. 10 நாள் கழித்து, இந்தத் தேசத்திலேயே இருங்கள் என்று பதில் வந்தது. நீ பொய் சொல்கிறாய், உன் எழுத்தனான பாருக்கு என்பவன் உன்னைத் தூண்டிவிடுகிறான் என்று சொல்லிவிட்டு எரேமியாவையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போனார்கள்.

என் எகிப்து, பாளையங்கோட்டைக்கு வெளியே ஐந்து சென்ட் மனை. டிசம்பர் 28-ஆம் தேதி 1.5 லட்சம் அட்வான்ஸ் கொடுத்தேன். அப்போது அது என் ஒரு வருஷச் சம்பளம். 31-ஆம் தேதி ராத்திரி ஆராதனையில் வாக்குத்தத்த அட்டைத் தட்டு வந்தது; புது வருஷத்துக்கென்று ஆளுக்கொரு வசன அட்டை எடுப்போம். கண்ணை மூடி எடுத்தேன். ஏசாயா 45:2, நான் உனக்கு முன்னே போய், கோணலானவைகளைச் செவ்வையாக்குவேன். மனை கிடைத்தே விட்டது என்று துள்ளினேன். அது பாரசீக ராஜா கோரேசுக்குச் சொன்ன வார்த்தை என்று நான் பாடம் எடுத்திருக்கிறேன், அதுதான் கொடுமை.

வீட்டில் என் மனைவி கேட்டது ஒன்றே ஒன்று. "வில்லங்கம் போட்டுப் பாத்தீங்களா?" நான் நீதிமொழிகள் 3:5-ஐச் சொன்னேன், சுயபுத்தியின்மேல் சாயாதே என்று. யாருடைய சுயபுத்தி என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை; கேட்டிருக்கலாம். மனை ஏற்கெனவே அடமானத்தில் இருந்தது. வில்லங்கச் சான்றில் ஒரு வரியாக அது கிடந்தது. அட்வான்ஸில் பத்தாயிரம் திரும்பி வந்தது, அதுவும் இரண்டு வருஷம் நடந்து.

இன்றைக்கும் இதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் வெளியிலிருந்து பார்த்தால் இது பக்தி மாதிரியே இருக்கும். முழங்காலும் உண்மை, கண்ணீரும் உண்மை. ஜெபத்தில் உட்காருமுன் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: 'வேண்டாம்' என்று பதில் வந்தால் இன்றைக்கே நிறுத்துவேனா? இல்லை என்றால் அந்த 'இல்லை'யை வைத்து ஜெபத்தைத் தொடங்குங்கள்.

விற்கிறவர் 'ஸ்தோத்திரம்' சொன்னார் என்று நம்புவது

வில்லங்கம் போடுங்கள்.

கதவு திறந்ததையே பதிலாக எடுப்பது

அப்போஸ்தலர் 27. கைதியாக ரோமுக்குக் கப்பலில் போகிற பவுல், இப்போது கப்பல் ஓட்டினால் சேதம் வரும் என்று சொல்கிறான். நூற்றுக்கு அதிபதி மாலுமியையும் கப்பல் எஜமானையும் நம்புகிறான், பெரும்பான்மையும் அந்தப் பக்கம்தான். அந்த நேரம் பார்த்துத் தென்றல் மெல்ல வீசியது. நினைத்தது கைகூடிவிட்டது என்று நங்கூரத்தைத் தூக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் யூரோக்கிலிதோன் என்கிற கடுங்காற்று. 276 பேரும் பிழைத்தார்கள், கப்பல் பிழைக்கவில்லை. லோன் சீக்கிரம் பாஸ் ஆனது, விசா சட்டென்று வந்தது, இதெல்லாம் தென்றல்தான்.

கிதியோனைப் போலத் தோல் போடுவது

யுத்தத்துக்குப் போகச் சொல்லி கர்த்தர் கிதியோனுக்கு முன்பே சொல்லியாயிற்று. ராத்திரி ஆட்டுத்தோலை வெளியே போட்டு, தோல் மட்டும் பனியில் நனையட்டும் என்று அடையாளம் கேட்டது அவன் பயம். அதை முறையாக்காதீர்கள்.

மருந்தையும் படிப்பையும் மனுஷ ஞானம் என்று தள்ளுவது

சாகக் கிடந்த எசேக்கியா ராஜாவுக்குக் கர்த்தர் 15 வருஷம் கூட்டிக் கொடுத்த அதே சம்பவத்தில்தான் ஏசாயா அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் வைக்கச் சொல்கிறான். சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு விசுவாசத்தில் நிற்கச் சொல்கிறவரிடம் இதைக் காட்டுங்கள். மோசே தன் மாமனார் எத்திரோ சொன்ன நிர்வாக யோசனையைக் கேட்டு அப்படியே செய்தான். 1 கொரிந்தியர் முதல் அதிகாரத்தில் பவுல் அடிப்பது, நான் பவுல் கட்சி, நான் அப்பொல்லோ கட்சி என்று பெருமை பேசிச் சிலுவையை அற்பமாக்குகிற ஞானத்தை. கணக்கு வாத்தியாரை அல்ல.

ஏற்கெனவே தெரிந்ததில் கேளாமலிருப்பது

மனை வாங்கலாமா என்று மூன்று நாள் உபவாசம் இருக்கிறவர், பத்திரத்தில் விலையைக் குறைத்துப் போடும்போது யாரிடமும் கேட்பதில்லை. "ஊரே அப்படித்தாங்க போடுது." மனுஷ ஞானம் என்றால் எனக்கு இந்தக் குரல்தான் ஞாபகம் வருகிறது. எனக்கும் பிந்தித்தான் உறைத்தது. அந்த ஐந்து சென்டுக்கு நாங்கள் பேசி வைத்திருந்த பத்திர விலை, கொடுக்கப்போகிற விலையில் பாதி.