பழைய காரா? உள்பக்க பிரேக் பேடையும் பாருங்கள்

கடலூர், புதுச்சேரி பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்கள், பிரேக் பேடை வெளியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ‘இன்னும் தேயவில்லை’ என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள். சக்கரத்தின் இடைவெளியில் தெரிவது பெரும்பாலும் வெளிப்பக்க பேட் மட்டும்தான். கடற்காற்றின் உப்பில் காலிப்பர் (இரண்டு பேடையும் அழுத்தும் கவ்வி) நகர உதவும் பின்கள் துருப்பிடித்து இறுகினால், உள்பக்க பேட் மட்டும் வேகமாகத் தேய்ந்து இரும்புத் தகடு வரை போய்விடும். எங்கள் காரில் வெளிப்பக்கம் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது, உள்பக்கம் சுத்தமாக வழித்துவிட்ட மாதிரி. பார்த்ததும் பகீரென்றது.

அதனால் சக்கரத்தைக் கழற்றி இரண்டு பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள். புது பேடின் உராய்வுப் பகுதி சுமார் 10 மில்லிமீட்டர் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான், அதுவும் இடது வலது இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து. பின்களைச் சுத்தம் செய்து, அதற்கென்றே உள்ள கிரீஸ் போடச் சொல்லுங்கள். அதைச் செய்யாமல் புது பேட் போட்டால் மறுபடி அதே கதைதான்.

அப்புறம், பிரேக் ஆயில் குறைந்தால் சும்மா ஊற்றி நிரப்பாதீர்கள். பேட் தேயத் தேய ஆயில் மட்டமும் இறங்கும். கசிவும் இருக்கலாம்.

கீச்சென்ற சத்தம் என்றால் சீக்கிரம் காட்டுங்கள். கரகரவென்று இரும்பு உரசினால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறவே வேண்டாம், மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள்.