எஃப்.பி.ஐ.யிலிருந்து சினிமாவுக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் ஏஜென்டுகளுக்கு 57 வயதில் கட்டாய ஓய்வு. 20 வருட சர்வீஸ் இருந்தால் 50 வயதிலேயே பென்ஷனோடு வெளியே வரலாம். உடம்பில் தெம்பு மிச்சமிருக்கும் வயது. சிலர் நடிக்கப் போகிறார்கள், சிலர் படப்பிடிப்புகளுக்கு ஆலோசகர் ஆகிறார்கள். கொலம்பியப் போதைக் கடத்தல்காரர் பாப்லோ எஸ்கோபாரைத் துரத்திய டி.இ.ஏ. (அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்பு அமைப்பு) அதிகாரிகள் ஸ்டீவ் மர்ஃபியும் ஹாவியர் பெஞ்ஞாவும் 'நார்கோஸ்' தொடருக்கு ஆலோசகர்களாக இருந்தார்கள். அவர்களைப் பார்த்துக் கிளம்புபவர்கள் பல இடங்களில் சறுக்குகிறார்கள்.

முதல் சறுக்கல், 'என் கேஸ், என் கதை' என்ற நினைப்பு. வேலை தொடர்பாக எதை எழுதினாலும், திரைக்கதையாகவே இருந்தாலும், வெளியே கொடுப்பதற்கு முன் எஃப்.பி.ஐ.யிடம் காட்டுவதாகச் சேரும்போதே கையெழுத்துப் போட்டிருப்பார்கள். ஓய்வு பெற்றாலும் அது விடாது. "ரகசியம் எதுவும் எழுதவில்லையே" என்ற சமாதானம் எடுபடாது. முன்னாள் சி.ஐ.ஏ. அதிகாரி ஃபிராங்க் ஸ்னெப் அனுமதி வாங்காமல் புத்தகம் போட்டார். அதில் ரகசியத் தகவல் இருந்ததாக அரசே வாதிடவில்லை. ஆனாலும் 1980இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு வந்த வருமானத்தை அரசிடம் ஒப்படைக்கச் சொல்லிவிட்டது. எழுத்தாளர்களோடு உட்கார்ந்து காபி குடிக்கும்போதுதான் வாய் தவறும். கிராண்ட் ஜூரி (குற்றம் சாட்டலாமா என்று ரகசியமாக ஆராயும் குடிமக்கள் குழு) விசாரணையில் தெரிந்துகொண்ட விஷயத்தை எத்தனை வருடம் கழித்தும் கதையாகச் சொல்ல முடியாது.

விசிட்டிங் கார்டிலும் கவனம் வேண்டும். 'முன்னாள் எஃப்.பி.ஐ. ஏஜென்ட்' என்று போடலாம், அது உண்மை. ஆனால் எஃப்.பி.ஐ.யே நம் தொழிலை ஆதரிப்பது போலத் தோன்றும்படி அந்தப் பெயரைப் பயன்படுத்தினால் அது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம்.

அதிகம் பேசப்படாத தவறு ஒன்று உண்டு: பழைய நடைமுறையையே சொல்லிக்கொண்டிருப்பது. ஒரு விசாரணைக் காட்சி எடுக்கிறார்கள் என்று வையுங்கள். மேசைமேல் ரெக்கார்டர் இருக்குமா என்று டைரக்டர் கேட்கிறார். 2010இல் ஓய்வு பெற்றவர், "கிடையாது, ஒருவர் கேட்பார், இன்னொருவர் குறிப்பெடுப்பார், பிறகு விசாரணை அறிக்கைக்கான 302 படிவத்தில் டைப் செய்வோம்" என்பார். அவர் காலத்துக்கு அது பெரும்பாலும் சரி. ஆனால் காவலில் இருப்பவரை விசாரிக்கும்போது பதிவு செய்வதே வழக்கமாக இருக்க வேண்டும் என்று அமெரிக்க நீதி அமைச்சகம் 2014இல் மாற்றிவிட்டது. இன்று நடக்கும் கதையில் அந்தப் பதில் தப்பு. இப்போது சர்வீஸில் இருக்கும் யாரையாவது கேட்டுவிட்டுச் சொல்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

துப்பாக்கி விஷயத்தில் இன்னும் அடக்கம் வேண்டும். செட்டில் ஆயுதங்களுக்குப் பொறுப்பு ஆர்மரர்தான். 2021இல் 'ரஸ்ட்' படப்பிடிப்பில் ஒளிப்பதிவாளர் ஹலைனா ஹட்சின்ஸ் குண்டு பட்டு இறந்த பிறகு யாரும் இதில் சலுகை காட்டுவதில்லை. எவ்வளவு பயிற்சி பெற்றவராக இருந்தாலும், ஆர்மரர் கொடுத்தால் வாங்கலாம், தானாக எடுக்கக் கூடாது.

நிஜ அதிகாரி என்பதால் அதிகாரி வேடம் தானாக வந்துவிடாது. முகத்தில் எதையும் காட்டாமல் இருக்கப் பழகியவரிடம் கேமரா அதற்கு நேரெதிரானதைக் கேட்கிறது. ஒரே வசனத்தைப் பத்து தடவை, தரையில் ஒட்டிய டேப் அடையாளத்தில் நின்று சொல்ல வேண்டும். நடிகர் டெனிஸ் ஃபரினா ஃபெடரல் (மத்திய அரசு) ஆள் அல்ல, சிகாகோ போலீஸ்காரர். ஆனால் பாடம் ஒன்றுதான். டைரக்டர் மைக்கேல் மன்னுக்கு ஆலோசகராகப் போய், 1981இல் 'தீஃப்' படத்தில் சின்ன வேடம் வாங்கினார். அதன் பிறகும் சில வருடம் போலீஸ் வேலையை விடாமல் மேடை நாடகங்களில் நடித்துப் பழகினார்.

ஃபெடரல் வேலையில் இருந்துகொண்டே இதைச் செய்ய நினைப்பவர் முன் அனுமதி வாங்கியாக வேண்டும்.

அப்புறம் பணம். பென்ஷனோடு 62 வயது வரை வரும் கூடுதல் தொகைக்கு, சுமார் 57 வயதானதும் வருமான வரம்பு வந்துவிடும். 2025இல் அது 23,400 டாலர். அதற்கு மேல் சம்பாதிக்கும் ஒவ்வொரு 2 டாலருக்கும் 1 டாலர் பிடிப்பார்கள். நல்ல வேடம் கிடைத்த வருடத்துக்கு அடுத்த வருடம் இந்தப் பிடித்தம் எதிர்பாராமல் வரும்.

கடைசியாக, வாய்ப்பு வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவர்கள். கலிஃபோர்னியாவில் அப்படி வாங்குவதே சட்டவிரோதம். நடிகர்களுக்கு வாய்ப்பு தேடித் தரும் ஒழுங்கான ஏஜென்ட், சம்பளம் வந்த பிறகு வழக்கமாக 10 சதவீதம் எடுத்துக்கொள்வார். காலமெல்லாம் மோசடிக்காரர்களைப் பிடித்தவர்களும் இதில் விழுகிறார்கள், அதுதான் வேடிக்கை.