முதல் தடவை சூட் போட்டுப் பவர்லிஃப்டிங் மேடை ஏறுகிறவர்களுக்கு

என் முதல் எக்யூப்ட் போட்டியில், அதாவது இறுக்கமான விசேட சூட்டும் சேர்ட்டும் போட்டுத் தூக்கும் போட்டியில், பெஞ்ச் பிரெஸ்ஸுக்கு முதல் முயற்சியாக 105 கிலோ எழுதிக் கொடுத்திருந்தேன். ஜிம்மில் சேர்ட் இல்லாமலே 100 தூக்குகிறவன் நான். சேர்ட்டும் போட்டால் 105 எந்த மூலைக்கு என்று நினைத்தேன். பார் கீழே வந்தது. இன்னும் கொஞ்சம் வந்தது. நெஞ்சுக்கு இரண்டு விரல் உயரத்தில் அப்படியே நின்றுவிட்டது. நான் இழுக்கிறேன், வயிற்றை உயர்த்துகிறேன், பார் அசையவில்லை. மூன்று நடுவரும் சிவப்பு விளக்கு, முயற்சி தோல்வி. பின்னால் நின்ற அண்ணா ஒருவர் “தம்பி, உனக்குப் பாரம் காணாது” என்றார். பாரம் கூடித் தோற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். பாரம் குறைந்து தோற்றவனை அன்றுதான் பார்த்தேன், அதுவும் நானே.

யாழ்ப்பாணத்தில் ஜிம்முக்குப் போகும் தம்பிமாரும் தங்கச்சிமாரும் இப்போது கூடிவிட்டார்கள். “அண்ணா, சூட் போட்டுத் தூக்குகிற போட்டிக்கு எப்படிப் போவது?” என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்குவாட், பெஞ்ச், டெட்லிஃப்ட் மூன்றையும் ஓரளவு ஒழுங்காகச் செய்வீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். விதிகள் சர்வதேச பவர்லிஃப்டிங் சம்மேளனத்தின், அதாவது ஐ.பி.எஃப்-இன் விதிகள்.

முதலில்: எக்யூப்ட் என்றால் என்ன

ஐ.பி.எஃப் 1972இல் தொடங்கியது. சூட்டும் சேர்ட்டும் இல்லாத ‘கிளாசிக்’ பிரிவுக்கு அது தனியாக உலகப் போட்டி வைக்கத் தொடங்கியது 2012இல்தான். எக்யூப்ட் பிரிவில் ஸ்குவாட்டுக்கு ஒரு சூட், பெஞ்சுக்கு ஒரு சேர்ட், டெட்லிஃப்டுக்கு இன்னொரு சூட், முழங்காலுக்கு ராப் எனும் சுற்றுத் துணி என்று போடலாம். எல்லாம் ஒற்றை அடுக்குத் துணியாக இருக்க வேண்டும். கீழே இறங்கும்போது துணி இழுபட்டு இறுகும், மேலே வரும்போது அந்த இறுக்கம் உங்களைத் தள்ளிவிடும். கவண் ரப்பரை இழுத்து விடுவது மாதிரித்தான்.

இதிலிருந்துதான் என் 105 கிலோவின் கதையும் வருகிறது. ரப்பரை இழுக்கப் பலம் வேண்டும். அந்தப் பலம் பாரத்திலிருந்து வர வேண்டும். பாரம் காணாவிட்டால் துணி இழுபடாது, நீங்கள் ஆழத்துக்குப் போகவே மாட்டீர்கள். கிளாசிக்கில் “முதல் முயற்சியை லேசாகப் போடு” என்பார்கள். இங்கே அதற்கும் ஒரு அடிமட்டம் இருக்கிறது.

சாமான் வாங்குவது

டைட்டன், இன்சர், மெட்டல் ஆகிய மூன்று பெயர்களையும்தான் அடிக்கடி கேள்விப்படுவீர்கள். எந்தக் கம்பனியானாலும், நீங்கள் வாங்கும் மொடல் ஐ.பி.எஃப் அங்கீகரித்த பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். அதே கம்பனி பல அடுக்குச் சூட்டும் விற்கும், அதைப் போட்டுக்கொண்டு இந்த மேடையில் ஏற முடியாது.

எங்கள் ஊரில் இது பெரும்பாலும் கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வருகிற யாராவது ஒருவரின் சூட்கேஸில்தான் வரும். ஆகவே அளவு பிழைத்தால் மாற்ற வழியில்லை. தொடை, இடுப்பு, நெஞ்சு, தோள், மேற்கை எல்லாவற்றையும் தையல் நாடாவால் அளந்து, கம்பனியின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். இரண்டு அளவுக்கு நடுவில் நின்றால் பெரியதை எடுங்கள். இறுக்கம் கூடினால் அதிகம் தூக்கலாம் என்று எண்ணிச் சிறியதை எடுத்து, அதற்குள் போக முடியாமல் அலுமாரியில் வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும்.

மற்றச் சாமான்களின் கணக்கு: பெல்ட் 10 சென்ரிமீற்றர் அகலம், 13 மில்லிமீற்றர் தடிப்புக்கு மேல் போகக்கூடாது. முழங்கால் ராப் 2 மீற்றர், மணிக்கட்டு ராப் 1 மீற்றர், இரண்டும் 8 சென்ரிமீற்றர் அகலம். டெட்லிஃப்டுக்குக் கெண்டைக்காலை மூடும் நீளக் காலுறை கட்டாயம். உள்ளாடையையும் பார்ப்பார்கள்: சாதாரண ஜட்டிதான், தொடை வரை நீளும் பொக்ஸர் அனுமதியில்லை. சாமான் பரிசோதனையில் இதற்காகக் கடைக்கு ஓடியவர்கள் உண்டு.

கூட ஒரு ஆள்

கிளாசிக் போட்டிக்குத் தனியாகப் போய் வரலாம். இதற்கு முடியாது. உங்களுக்குச் சூட் ஏற்ற, ராப் சுற்ற, சேர்ட் இழுக்க ஒருவர் வேண்டும். அவரோடு ஆகக் குறைந்தது இரண்டு மாதமாவது சேர்ந்து பயிற்சி செய்திருக்க வேண்டும். அன்றைக்கு வந்து நிற்கும் மச்சான் உதவ மாட்டான். பெண்களானால் உடன் வருவதும் ஒரு பெண்ணாக இருப்பது நல்லது. சூட் ஏற்றுவது கிட்டத்தட்ட மல்யுத்தம்.

சூட் ஏற்றும் விதம் இதுதான். காலில் ஒரு சொப்பின் பையைப் போட்டுக்கொள்ளுங்கள். அதன் மேல் சூட்டின் கால் ஓட்டையை விட்டால் வழுக்கிக்கொண்டு ஏறும்; கணுக்கால் தாண்டியதும் பையை நுனியில் பிடித்து உருவி எடுங்கள். பிறகு தொடையில் விரல் விரலாக மேலே இழுக்க வேண்டும். ஒரு காலை முழுதாக ஏற்றிவிட்டு மற்றக் காலுக்குப் போகாதீர்கள்; இரண்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். தொடையின் உள்பக்கத் தையல் முறுகாமல் இருக்க வேண்டும், கவட்டில் இடைவெளி இருக்கக் கூடாது. கூட வந்தவர் பின்னால் நின்று இடுப்புத் துணியை இரண்டு கையாலும் பிடித்து உங்களைத் தரையிலிருந்து தூக்குவார். வெட்கப்பட்டுப் பயனில்லை.

எங்கள் வெக்கையில் ஒரு தொல்லை: வியர்த்த தோலில் துணி ஒட்டும். துவாயால் நன்றாகத் துடைத்து, பேபி பவுடர் போட்டுவிட்டு ஏற்றுங்கள். எண்ணெய், கிறீஸ் போன்றவை எதற்கும் கூடாது.

பயிற்சியில் அடிமட்டத்தைக் கண்டுபிடிப்பது

போட்டிக்கு 10, 12 கிழமைக்கு முன்பே சூட்டோடு பழகத் தொடங்குங்கள். ஆனால் கிழமையில் ஒரு நாள் போதும், மற்ற நாட்களில் வெறும் உடம்போடு செய்யுங்கள். முதலில் தோள் பட்டியைப் போடாமல் ஸ்குவாட், பிறகு பட்டியோடு, பிறகு ராப்போடு.

ஒரு கொப்பியில் இரண்டு எண்களை எழுதுங்கள். ஸ்குவாட்டில் ஆழத்துக்குப் போக வைக்கும் ஆகக் குறைந்த பாரம். பெஞ்சில் பார் நெஞ்சைத் தொட வைக்கும் ஆகக் குறைந்த பாரம். டெட்லிஃப்டில் சூட்டோடு குனிந்து பாரைப் பிடிக்க முடிகிறதா என்பது எண் இல்லை, ஆனால் அதையும் எழுதுங்கள். என் பெஞ்ச் சேர்ட்டில் ஜிம்மிலேயே 110க்குக் கீழே பார் தொட்டதில்லை. அதை நான் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான் என் பிழை.

முதல் முயற்சி அந்த அடிமட்டத்துக்குக் கொஞ்சம் மேலேயும், பயிற்சியில் சந்தேகமில்லாமல் மூன்று தடவையாவது செய்த பாரத்துக்குள்ளேயும் இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் இடமே இல்லையென்றால் சேர்ட் உங்களுக்கு மிகவும் இறுக்கம். தளர்ந்த சேர்ட் ஒன்றை இரவல் வாங்குங்கள்.

போகும் வழியும் சாப்பாடும்

போட்டி கொழும்பில் என்றால் முதல் நாளே போய்விடுங்கள். 400 கிலோமீற்றர் இரவு பஸ்ஸில் முழங்காலை மடக்கி இருந்துவிட்டுக் காலையில் ஸ்குவாட் செய்ய முயல்வது சரிவராது. சூட், சேர்ட், சப்பாத்து இருக்கும் பையை மடியில் வைத்திருங்கள், பஸ்ஸின் அடியில் போடாதீர்கள்.

முதல் போட்டிக்கு எடை குறைக்க வேண்டாம். எடைப் பிரிவுகள் கிலோவில் இவை: ஆண்களுக்கு 59, 66, 74, 83, 93, 105, 120, அதற்கு மேல். பெண்களுக்கு 47, 52, 57, 63, 69, 76, 84, அதற்கு மேல். நீங்கள் 75 என்றால் 83இல் தூக்குங்கள். பட்டினி கிடந்து மெலிந்தால் தொடையும் மெலியும், சூட் தளரும், பழகிய எண்கள் எல்லாம் மாறும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வீட்டில் 25 நாளும் மரக்கறி என்றால் பயறு, கடலை, தயிர், உழுத்தங்களி என்று சமாளிக்கலாம், அதனால் யாரும் தோற்றதில்லை. ஆனால் பெயர் தெரியாத பவுடர் டப்பா ஒன்றும் வேண்டாம். ஊக்கமருந்துச் சோதனையில் “எனக்குத் தெரியாது” என்ற பதில் எடுபடாது.

எடை பார்க்கும் நேரம்

போட்டி தொடங்க 2 மணித்தியாலத்துக்கு முன் எடை பார்க்கத் தொடங்குவார்கள், ஒன்றரை மணித்தியாலம் நடக்கும். அடையாள அட்டை கொண்டு போங்கள். அங்கேயே மூன்று தூக்கலுக்கும் முதல் முயற்சிப் பாரத்தைக் கேட்பார்கள். ஸ்குவாட்டுக்கும் பெஞ்சுக்கும் பார் இருக்கும் தாங்கியின் (ராக்) உயரத்தையும் கொடுக்க வேண்டும். உயரத்தைச் சப்பாத்தோடு நின்று பாருங்கள்; வெறுங்காலோடு பார்த்துக் கொடுத்தால் மேடையில் பாரை எடுக்க எக்க வேண்டிவரும்.

கொடுத்த முதல் முயற்சியை, அந்தச் சுற்றுத் தொடங்க 3 நிமிடம் இருக்கும் வரை ஒரு தடவை மாற்றலாம். வார்ம்அப்பில் பார் நெஞ்சைத் தொடவில்லையென்றால் உடனே மேசைக்கு ஓடுங்கள். நான் ஓடவில்லை.

எடை பார்த்த பிறகு வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிடுங்கள். எனக்கு இடியப்பமும் கொஞ்சம் சொதியும் இரண்டு கதலி வாழைப்பழமும். வயிறு நிறையச் சாப்பிட்டால் பெல்ட் பூட்டும்போது தெரியும்.

வார்ம்அப்

ஒரு குழுவில் 12 பேர் என்றால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 12 முதல் 15 நிமிடம். பட்டியலில் உங்கள் இடத்தைப் பார்த்துப் பின்னோக்கி எண்ணுங்கள். சூட் ஏற்ற மட்டும் 10 நிமிடம் ஒதுக்குங்கள். வெறும் உடம்போடு சில செற், சூட்டோடு பட்டியில்லாமல் ஒன்று, பட்டியும் ராப்பும் போட்டு ஒன்று, அது போதும். உங்களுக்கு முன் மூன்று பேர் இருக்கும்போது ராப் சுற்றத் தொடங்குங்கள். முந்திச் சுற்றினால் கால் மரத்துவிடும், பிந்தினால் பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள். மேடைக்குக் கிட்ட போன பிறகு ராப்பைச் சரிசெய்ய விதி விடாது, பெல்ட்டை மட்டும் இறுக்கலாம்.

மேடை

பாரம் ஏற்றி முடிந்து பெயர் கூப்பிட்டதும் தூக்கத் தொடங்க 1 நிமிடம் இருக்கும். நடுவர் மூவர், இரண்டு வெள்ளை வந்தால் சரி.

ஸ்குவாட்: பாரை எடுத்துப் பின்னால் நடந்து, முழங்காலைப் பூட்டி அசையாமல் நில்லுங்கள். “ஸ்குவாட்” என்ற பிறகே இறங்க வேண்டும். இடுப்பு மூட்டில் தொடையின் மேற்பக்கம் முழங்காலின் மேற்பக்கத்துக்குக் கீழே போக வேண்டும். சூட் உங்களை மேலேயே பிடித்து வைத்திருக்கும், ஆழம் வந்துவிட்டது என்று உங்களுக்குத் தோன்றும் இடத்துக்கு இன்னும் ஒரு அங்குலம் கீழேதான் உண்மையான ஆழம். ஏறி நின்றதும் “ராக்” கேட்கும் வரை அடியெடுத்து வைக்காதீர்கள்.

பெஞ்ச்: பாரை எடுத்துத் தருவது மேடையில் நிற்கும் உதவியாளர்கள்தான், உங்கள் ஆள் வர முடியாது. “ஸ்டார்ட்”, பிறகு நெஞ்சில் நிறுத்தி “பிரெஸ்”, பிறகு “ராக்”. 2023 முதல் இரு முழங்கையின் அடிப்பக்கமும் தோள் மூட்டின் மேற்பக்க மட்டத்துக்காவது இறங்க வேண்டும் என்ற விதியும் உண்டு. முதுகை அதிகம் வளைத்து அகலமாகப் பிடிப்பவர்கள் இதைப் பயிற்சியிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பாரை நெஞ்சில் பட வைக்க, அதை நேராக இறக்காமல் வயிற்றுப் பக்கமாக இழுத்துக்கொண்டு வர வேண்டும். தலை பெஞ்சை விட்டு எழும்பினால் சிவப்பு.

என் கதைக்கு வருகிறேன். ஒரு முயற்சிக்குப் பிறகு பாரத்தைக் குறைக்க முடியாது, அதே அளவு அல்லது கூட்டத்தான் முடியும். அடுத்ததைச் சொல்ல 1 நிமிடம்தான் தருவார்கள். கூட வந்தவன் என்னைக் கேட்காமலே 112.5 என்று எழுதிக் கொடுத்தான். இந்த முறை பார் தொட்டது, மேலும் ஏறியது. சந்தோஷத்தில் “ராக்” சொல்ல முன்பே பாரை வைத்துவிட்டேன். மறுபடி சிவப்பு. மூன்றாவதுதான் கடைசி முயற்சி; அதுவும் போனால் மூன்று தூக்கலையும் கூட்டும் மொத்தக் கணக்கே இல்லை, ஸ்குவாட் தூக்கியதும் வீண். மூன்றாவது முறை அதே 112.5ஐத் தூக்கி, கை நடுங்க நடுங்கக் காத்திருந்தேன். அந்த “ராக்” வர ஒரு யுகம் ஆனது போல இருந்தது. மூன்று வெள்ளை.

டெட்லிஃப்ட்: இதற்குச் சூட் தரும் உதவி ஆகக் குறைவு, அதுவும் தரையிலிருந்து கிளப்பும்போதுதான். மேலே பூட்டுவதும் பிடியும் உங்கள் பாடு. தொடைக்குப் பவுடர் போட்டால் பார் வழுக்கும், ஆனால் கையில் பட விடாதீர்கள். உங்களோடு வந்தவரே பவுடரைப் போடட்டும். “டவுன்” என்ற பிறகு கையை விடாமல் பாரைத் தரை வரை கொண்டு போங்கள். மூன்றாவது டெட்லிஃப்டின் பாரத்தை மட்டும் இரண்டு தடவை மாற்றலாம். கடைசி நேரத்து இழுபறி எல்லாம் அங்கேதான் நடக்கும். மொத்தம் சமனானால் உடல் எடை குறைந்தவருக்கு வெற்றி.

வீட்டுக்கு வந்த பிறகு

தொடையிலும் அக்குளிலும் சிவந்த தடிப்புகள் இருக்கும், இரண்டு மூன்று நாளில் போய்விடும். சூட்டையும் சேர்ட்டையும் குளிர்ந்த தண்ணீரில் கையால் அலசி நிழலில் காயப் போடுங்கள். என் அம்மா முதல் சூட்டைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு, கிணற்றடிக் கொடியில் மத்தியான வெயிலில் விரித்திருந்தா. கேட்டதற்கு, “அந்த மணத்துக்கு வேற என்ன செய்யிறது?” என்றா.