காமன் ரூமை மாற்றப் போகிறீர்களா? முதலில் சோபாவை வெளியேற்றுங்கள்

நான் ஒரு பெண்கள் விடுதியில் துணைக் காப்பாளர். மாலையில் கேட் பூட்டியபின் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரு, பூங்கா, டீக்கடை எல்லாமே காமன் ரூம்தான். ஒரே அறையில் சீரியல், ஹாஸ்டல் டே டான்ஸ் பயிற்சி, கேரம், ராத்திரிப் படிப்பு எல்லாம் நடந்தாக வேண்டும்.

கடைக்கு ஓடுவதற்கு முன் ஒரு சார்ட் பேப்பரைச் சுவரில் ஒட்டி, ஒரு வாரம் விடுங்கள். யார், எத்தனை மணிக்கு, எதற்கு வந்தார்கள், இடமில்லாமல் திரும்பிப் போனார்களா என்று எழுதட்டும். கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் உங்கள் பிளான்.

அடுத்து, இரண்டு பிள்ளைகள் சேர்ந்து ஐந்து நிமிடத்தில் நகர்த்த முடியாத எதுவும் தரையில் இருக்கக் கூடாது. சுவரில் மாட்டிய டிவிக்கும் தண்ணீர் சுத்திகரிப்புக் கருவிக்கும் மட்டும் விலக்கு. மூன்று பேர் உட்காரும் சோபாவில் எப்போதும் ஒருத்திதான் படுத்திருப்பாள். சோபாவை விருந்தினர் அறைக்கு அனுப்பிவிடுங்கள். அதற்குப் பதில் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கக்கூடிய, கைப்பிடி இல்லாத பிளாஸ்டிக் நாற்காலிகளும், கால் மடங்கும் 4க்கு 2 அடி மேஜைகளும் போதும். சக்கரம் வைத்தது வாங்கினால் பூட்டு உள்ள சக்கரமா என்று பாருங்கள். கூடவே நாலைந்து பவானி ஜமக்காளம். விரித்தால் இருபது பேர் உட்காரலாம், சுருட்டினால் மூலையில் நிற்கும். இதைவிட மலிவான ஃபர்னிச்சர் எனக்குத் தெரியாது.

டேபிள் டென்னிஸ் மேஜை 9க்கு 5 அடிதான். ஆனால் ஆடுகிறவர்கள் பின்னால் போக இரு பக்கமும் ஐந்தடியாவது வேண்டும். நடுவில் மடங்கும் மாடல் இல்லையென்றால் அது வராண்டாவுக்குத்தான் லாயக்கு. கேரமை அதன் பக்கத்தில் வைக்காதீர்கள். போரிக் பவுடர் டைல்ஸில் சிந்தினால் ஓடி ஆடுகிறவள் வழுக்கி விழுவாள். கேரம் போர்டுக்கு மேலே நிரந்தரமாக விளக்கைத் தொங்கவிட்டால் போர்டு அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். விட்டத்தில் இரண்டு மூன்று இடங்களில் கொக்கி போடுங்கள், விளக்கை மாற்றி மாட்டிக்கொள்ளலாம்.

பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் வயரிங். 65 வாட் லேப்டாப் சார்ஜர் பத்து சேர்ந்தாலும் 650 வாட்தான். அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஒருத்தி 1,500 வாட் கெட்டிலைச் செருகுவாள். அங்கேதான் பிளாஸ்டிக் உருகும். சாதாரண 6 ஆம்பியர் சாக்கெட் கிட்டத்தட்ட 1,380 வாட்தான் தாங்கும். கெட்டிலுக்கும் அயர்ன் பாக்ஸுக்கும் தனியாக 16 ஆம்பியர் பாயிண்ட் போடச் சொல்லுங்கள். மற்ற சாக்கெட்டுகள் மேஜை உயரத்துக்குச் சற்று மேலே நாலு சுவரிலும் பரவலாக வரட்டும். அப்போது மேஜையை எங்கே போட்டாலும் தரையில் வயர் ஓடாது.

நடுவில் கனமான திரை போடலாம். டிவி வெளிச்சத்தை மறைக்கும், சத்தத்தை மறைக்காது. அதற்கு ஹெட்போன்தான், வேறு வழியில்லை.

வடகிழக்குப் பருவமழையும் நவம்பர் செமஸ்டரும் சேர்ந்தே வரும். படிக்கப் போட்ட நாற்காலி முதுகெல்லாம் ஈரத் துணி காயும். திட்டிப் பயனில்லை. வராண்டா கூரையில் கப்பி வைத்து ஏற்றி இறக்கும் கொடி கட்டிக் கொடுங்கள்.

விளையாட்டுச் சாமான் அலமாரியின் சாவி மாணவிகள் கமிட்டியிடமே இருக்கட்டும். என்னிடம் இருந்தால் ராத்திரி பத்து மணிக்கு எவளும் என் கதவைத் தட்ட மாட்டாள், கேரம் போர்டு உள்ளேயே கிடக்கும்.