கயிலாயத்தில் மறைக்கக் கூடாத தலைவலி

சமீபத்தில் காத்மாண்டு விடுதி ஒன்றில் ஒரு கோயம்புத்தூர்ப் பையன் என்னிடம் ரகசியமாகக் கேட்டான்: “அண்ணா, தலைவலிச்சா கைடுகிட்ட சொல்லணுமா? திருப்பி அனுப்பிடுவாங்களாமே?” 2014-ல் நான் செய்த அதே முட்டாள்தனத்தின் முதல் படி அது. ஷூ, ஸ்வெட்டர் பற்றியெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். கயிலாய யாத்திரையில் செய்யக் கூடாத வேறு சிலதை நான் சொல்கிறேன்.

உடம்பு முடியாததை மறைப்பது

2014 திபெத்தியர்களுக்குக் குதிரை ஆண்டு. அந்த ஆண்டில் கயிலாய மலையை ஒரு சுற்று சுற்றினால் பதின்மூன்று சுற்றுக்குச் சமம் என்பது அவர்கள் நம்பிக்கை. அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வெறி. போகும் வழியில், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் சாகா என்ற ஊரிலேயே தலை பிளந்தது. ஷெர்பா தினமும் மாலையில் விரலில் கருவி மாட்டி ஆக்சிஜன் அளவு பார்ப்பார். அதற்கு முன் நாலைந்து தடவை ஆழமாக மூச்சு இழுத்து விட்டால் எண் ஏறும் என்று கண்டுபிடித்தேன். 72 காட்ட வேண்டியது 80 காட்டியது. பெரிய சாமர்த்தியம் என்று நினைப்பு.

சுற்றின் முதல் நாள் இரவு தங்கும் திரபுக்கில் வாந்தி. எழுந்து நின்றால் குடித்தவன் மாதிரி கால் பின்னியது. அது மூளையில் நீர் கோப்பதன் அறிகுறி, உடனே இறங்காவிட்டால் உயிர் போகும். இரண்டு ஷெர்பாக்களில் ஒருவர் என்னைத் தாங்கிக்கொண்டு, சுற்று தொடங்கும் ஊரான தார்ச்சென்னுக்கு இறங்கினார். மிச்சமிருந்த ஒருவரை வைத்துக்கொண்டு, மெதுவாக நடக்கும் ஆறு பேரை 5,600 மீட்டருக்கு மேலிருக்கும் டோல்மா கணவாயில் ஏற்ற முடியாது என்றார் கைடு. ஆறு பேரும் திரும்பினார்கள்.

அதில் திருவையாற்றுக்காரர் ஒருவர், 68 வயது. என் தலைமாட்டில் உட்கார்ந்து, “பரவால்ல தம்பி, அப்பருக்கே எங்க ஊர்லதான் கயிலாயம் கெடைச்சுது” என்றார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

இதோடு முடியவில்லை. நேபாளம் வழியாகப் போகும் இந்தியருக்குப் பாஸ்போர்ட்டில் முத்திரை விழாது. குழு முழுவதற்கும் ஒரே தாளில் விசா. எல்லையில் அந்த வரிசை எண்படிதான் நிற்க வேண்டும், ஒன்றாகத்தான் வெளியேற வேண்டும். தனியாகத் திரும்ப, தாளைப் பிரிக்க அனுமதி வாங்கணும். அது வருவதற்குள் மற்றவர்கள் சுற்றி முடித்தே வந்துவிட்டார்கள். இறங்க வேண்டியவன் தார்ச்சென்னில், சாகாவைவிட உயரத்தில், சிலிண்டரோடு கிடந்தேன். சாகாவிலேயே வாயைத் திறந்திருந்தால் ஒரு நாள் ஓய்வு, மாத்திரையோடு சரியாகியிருக்கலாம். இல்லாவிட்டாலும் நான் ஒருவன்தான் நின்றிருப்பேன்.

அந்தப் பையனிடம், “முதல் நாளே சொல்லுடா” என்றேன். தலையாட்டினான். நம்பிக்கையில்லை.

“நேபாளம் வழியா போனா அரசியல் இல்ல”

எந்த வழியாகப் போனாலும் கதவைத் திறப்பது சீனாதான். 2017-ல் இந்திய, சீனப் படைகள் டோக்லாமில் முறைத்துக்கொண்டு நின்றதும் சிக்கிமிலிருந்து போகும் நாதுலா வழி மூடியது, அடுத்த ஆண்டு திறந்தது. 2020-ல் கொரோனா, அப்புறம் கல்வானில் இரு நாட்டுப் படைகளின் மோதல். இந்திய அரசு நடத்தும் யாத்திரை மறுபடி தொடங்கியது 2025 ஜூனில்தான், அதுவும் 750 பேருக்கு. உத்தராகண்டிலிருந்து போகும் லிபுலேக் கணவாயோ நேபாளமும் உரிமை கோருகிற இடம், 2020-ல் தன் வரைபடத்திலேயே சேர்த்துவிட்டது. இதெல்லாம் போதாதென்று 2025 ஜூலை வெள்ளத்தில் நேபாளத்தையும் சீனாவையும் இணைக்கும் ரசுவாகடி எல்லைப் பாலமே அடித்துக்கொண்டு போனது. எல்லையைத் தாண்டும் தேதிக்கும் ஊர் திரும்பும் விமானத்துக்கும் நடுவில் மூன்று நாளாவது விடுங்கள்.

தலாய் லாமா படம்

வேண்டாம். புத்தகத்தில், போனில், எதிலும்.

மானசரோவரில் குதிப்பது

தடை. வாளியில் மொண்டு கரையில் ஊற்றிக்கொள்ளுங்கள்.

எதிரே வருகிறவர்களைத் திருத்துவது

இந்துக்கள், பௌத்தர்கள் எல்லாம் வலமாகச் சுற்றுவோம். திபெத்தின் பழைய மதமான ‘போன்’ (Bön) மதத்தவர்கள் இடமாகச் சுற்றுவார்கள், அவர்களுக்கு அதுதான் முறை. எங்கள் குழுவில் ஒருவர் எதிரே வந்த ஒரு பாட்டியை மறித்து, “உல்டா, உல்டா” என்று கையை ஆட்டிக் காட்டினார். பாட்டி சிரித்தபடி மடியிலிருந்து ஒரு துண்டு காய்ந்த பாலாடைக்கட்டியை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டு, வந்த திசையிலேயே நடந்து போனாள்.